மீன் தொட்டிக் கண்ணாடியில் வெள்ளை உப்புப் படிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் மீன் வளர்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த காட்சி. தொட்டியின் மேல் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே, தண்ணீர் மட்டம் நிற்கிற இடத்தில், கண்ணாடியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு. ஆரம்பத்தில் புகை படிந்த மாதிரி இருக்கும். நான்கைந்து மாதம் விட்டால் நகத்தால் சுரண்டினாலும் வராத ஓடாகிவிடும். சென்னைப் புறநகரில் இந்தத் தண்ணீரோடு பல வருடம் பழகியதில், நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

இந்த வெள்ளைப் படிவு என்ன? சமையல் உப்பா?

உப்புத் தண்ணி, உப்புக் கறை என்று நாம் பேச்சில் சொன்னாலும் இதில் பெரும்பகுதி சுண்ணாம்புதான். கால்சியம் கார்பனேட், கூடவே கொஞ்சம் மெக்னீசியம். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு மண்ணிலும் பாறையிலும் உள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. போர் வழியாக மேலே வந்து தொட்டிக்குள் விழுந்ததும் எல்லாம் தலைகீழாக நடக்கிறது. கரியமில வாயு காற்றில் கலந்து போய்விடும், தண்ணீர் ஆவியாகும், கரைந்திருந்த சுண்ணாம்பு மட்டும் கண்ணாடியிலேயே கல்லாகத் தங்கிவிடும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியிலும் ஷவர் துளைகளிலும் பார்க்கிறீர்களே, அதேதான்.

ஒருநாள் ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் இருக்கும் மூலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே வந்து உடையும் ஒவ்வொரு குமிழியும் ஊசிமுனை அளவு துளிகளைக் கண்ணாடி மேல் தெளிப்பது தெரியும். அந்தத் துளி காய்ந்தால் ஒரு வெள்ளைப் புள்ளி. ஏர் ஸ்டோன் இருக்கும் பக்கம் மட்டும் படிவு கெட்டியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பாசியா, சுண்ணாம்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படிவின் மேல் ஒரு சொட்டு வினிகர் வையுங்கள். சுண்ணாம்பாக இருந்தால் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். சுண்ணாம்பு புளிப்போடு சேர்ந்து கரியமில வாயுவாகப் பிரிவதுதான் அந்த நுரை. பாசியாக இருந்தால் ஒன்றும் நடக்காது. இடத்தை வைத்தும் சொல்லலாம். தண்ணீர் மட்டத்திலும் அதற்கு மேலும் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு. தண்ணீருக்குள் பச்சைப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டிருப்பது பாசி. அதற்கு இந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கும் புளிப்பு வைத்தியம் வேண்டாம், சுரண்டினாலே போதும்.

இது மீனுக்குக் கெடுதலா?

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் படிவு மீனை ஒன்றும் செய்யாது. சுண்ணாம்பு அதிகமுள்ள கடினமான தண்ணீரும் எல்லா மீனுக்கும் எதிரியல்ல. கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடின நீரில் செழிப்பாக வளர்ந்து குட்டி போடுகிறவை. நியான் டெட்ரா, டிஸ்கஸ் மாதிரி மென்னீர் மீன்கள் வைத்திருந்தால் அது தனிக் கவலை. இந்திய தர நிர்ணயத்தில் (ஐஎஸ் 10500, 2012) குடிநீருக்கான கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் இருக்கிறது. ஆக, தர நிர்ணயப்படி குடிக்கத் தகுந்த தண்ணீரே உங்கள் கண்ணாடியை வெள்ளையடித்துவிடும்.

மீனைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் படிவை எடுக்க நாம் பயன்படுத்தும் பொருள்தான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மீன்களை வெளியே எடுக்காமல் சுத்தம் செய்ய முடியுமா?

முடியும். தண்ணீர் மட்டக் கோட்டுக்கு அதுதான் நல்லதும்கூட. மீனைப் பிடித்து வேறு பாத்திரத்தில் விடுவது அதற்குப் பெரிய அதிர்ச்சி. வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தோடு இந்த வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஃபில்டர், ஹீட்டர், லைட் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஹீட்டர் இருந்தால் அது ஆற கால் மணி நேரம் கொடுங்கள். சூடாக இருக்கும்போது தண்ணீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி விரிசல் விடும். பிறகு கால்வாசித் தண்ணீரை டியூப் போட்டு இறக்குங்கள். இப்போது படிவுக் கோடு தண்ணீருக்கு மேலே நன்றாக வெளியே நிற்கும்.

ஒரு கிண்ணத்தில் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். டிஷ்யூ பேப்பரை நீளவாக்கில் மடித்து, கலவையில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கோட்டின் மேல் ஒட்டுங்கள். ஈரப் பேப்பர் கண்ணாடியில் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஸ்பிரே பாட்டிலால் தொட்டிக்குள் அடிக்காதீர்கள், பாதி தண்ணீருக்குள் போய்விடும். பதினைந்து இருபது நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். நடுவில் காய்கிற மாதிரி தெரிந்தால் விரலால் இன்னும் கொஞ்சம் தொட்டு வையுங்கள்.

இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் பேப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தால் மேல் தோல் மட்டும் போகும், கை வலிக்கும், கடைசியில் ஸ்டீல் நாரைத் தேடத் தோன்றும். சுண்ணாம்பைக் கரைக்கிறது புளிப்பு. அது தன் வேலையை முடிக்க நேரம் வேண்டும், அவ்வளவுதான். இருபது நிமிடம் கழித்துப் பேப்பரை உரித்தால், கல் மாதிரி இருந்தது ஈரமான விபூதி மாதிரி குழைந்திருக்கும். பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் மேல்நோக்கித் தள்ளி, வருவதை உடனுக்குடன் ஈரத்துணியில் துடைத்து எடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு தடவை துடையுங்கள். முதல் முறையில் முழுசாகப் போகாவிட்டால் இன்னொரு பேப்பர் போடலாம். வருடக்கணக்கில் ஏறிய படிவுக்கு மூன்று நான்கு முறை ஆகும்.

முடிந்ததும் குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றி, மட்டம் ஏறிய பிறகு பிளக்கை மாட்டுங்கள். நிறையப் பேர் ஃபில்டரைத் திரும்பப் போட மறந்துவிட்டு மறுநாள் காலையில் மீன் மேலே வந்து வாய் திறந்து நிற்பதைப் பார்த்துப் பதறுகிறார்கள். எழுந்து போவதற்கு முன் ஃபில்டர் ஓடுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

வினிகர் கொஞ்சம் தண்ணீருக்குள் சிந்திவிட்டது. மீன் செத்துவிடுமா?

ஒரு ஸ்பூன் அளவென்றால் பயப்பட வேண்டாம். கடைகளில் விற்கும் வினிகரில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்குதான் அசிட்டிக் அமிலம். எந்தச் சுண்ணாம்பு கண்ணாடியைக் கெடுத்ததோ, அதனோடு கரைந்து வந்த பைகார்பனேட்டே அந்தப் புளிப்பை அடக்கிவிடும். 50 லிட்டர் போர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வினிகர் பிஎச் அளவை (தண்ணீரின் புளிப்பைக் காட்டும் எண்) அசைப்பதுகூடக் கஷ்டம். ஆனால் அரை டம்ளர் கொட்டிவிட்டால் உடனே பாதித் தண்ணீரை மாற்றி, ஏர் பம்பை வேகமாக வையுங்கள். பிஎச் இறங்குவது ஒரு பக்கம், வினிகரைத் தின்று பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துக்கொள்வது இன்னொரு பக்கம்.

தொட்டி முழுக்க ஆர்ஓ தண்ணீர் என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே ஒரு ஸ்பூனுக்கே கவனமாக இருங்கள்.

வினிகருக்குப் பதில் எலுமிச்சை? புளி?

எலுமிச்சை நன்றாக வேலை செய்யும். சாறு பிழிந்த மூடியையே கோட்டின் மேல் தேய்க்கலாம், சதை தண்ணீருக்குள் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். கெட்டியான படிவுக்கு மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் இன்னும் வசதி. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி. வாசனை கிடையாது, விலையும் குறைவு.

பித்தளைக் குடத்தைப் பளபளக்க வைக்கும் புளி இங்கே சரிப்படாது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத ஒரு உப்பாகிவிடுகிறது. நாரும் சக்கையும் வேறு தொட்டிக்குள் விழுந்து அழுகும்.

வினிகர் வாங்கும்போது நிறமில்லாத வெள்ளை வினிகராக, வேறு எதுவும் சேராததாக வாங்குங்கள். சுத்தம் செய்வதற்கென்றே வாசனை, சோப்பு கலந்து விற்பது வேண்டாம்.

பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே?

தண்ணீரும் மீனும் உள்ள தொட்டிக்குப் பக்கத்தில் மூன்றுமே வரக் கூடாது. ஆசிட் படிவை நொடியில் கரைக்கும், உண்மைதான். ஆனால் அதன் புகை உங்கள் மூச்சுக்கும் மீனின் செவுளுக்கும் ஆகாது. கண்ணாடி ஸ்பிரேயில் அம்மோனியாவோ சோப்புச் சரக்கோ இருக்கும். அம்மோனியா மீனுக்கு நேரடி விஷம். தொட்டியின் வெளிப்பக்கம் துடைப்பதற்குக்கூட ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைப்பது மேல், காற்றில் அடித்தால் துளிகள் தண்ணீரில் இறங்கும். பாத்திரம் துலக்கும் சோப்பும் பவுடரும் வேண்டாம்.

மிக முக்கியமான ஒன்று: பிளீச்சிங்கையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். ஆசிட், எலுமிச்சை உப்பு எதுவானாலும் இதே கதைதான். பிளீச்சோடு புளிப்பு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அடைத்த பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. தொட்டியைப் பிளீச் போட்டுக் கழுவியிருந்தால், நன்றாக அலசிக் காயவைத்து, வாசனை முழுதும் போன பிறகு வேறொரு நாளில் வினிகரைத் தொடுங்கள்.

பிளேடு வைத்துச் சுரண்டலாமா?

கண்ணாடித் தொட்டியில் சுரண்டலாம், முறையாகச் செய்தால். கண்ணாடியைவிடச் சுண்ணாம்பு மிக மென்மையானது. புது பிளேடு, ஈரமான கண்ணாடி, சாய்ந்த கோணம், ஒரே திசையில் தள்ளுதல். இந்த நான்கில் எதையும் விடாதீர்கள். முன்னும் பின்னும் இழுத்தால், பிளேடுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிக்கிய துகள் கோடு போட்டுவிடும். துருப்பிடித்த பிளேடைத் தூக்கிப் போடுங்கள். அப்புறம் மூலைகளுக்குப் பக்கத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பது சிலிக்கான். அதை ஒரு தடவை கீறிவிட்டால் கசிவு என்றைக்கு ஆரம்பிக்கும் என்று சொல்ல முடியாது.

அடியில் மணல் போட்டிருப்பவர்கள் காந்த ஸ்கிரேப்பரை (கண்ணாடியில் காந்தத்தால் ஒட்டி நகரும் சுரண்டி) கீழ்வரை கொண்டுபோகாதீர்கள். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. ஒரு பொட்டு மணல் காந்தத்தில் ஒட்டினால் போதும், நீளக் கீறல் விழும்.

என் முதல் தொட்டியை நான் ஸ்டீல் நாரால் தேய்த்தேன். ஈரமாக இருக்கும்போது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. மாலை நாலரை மணிக்கு ஜன்னல் வெயில் சாய்ந்து விழுந்தபோதுதான், முன்கண்ணாடி முழுக்க முடிபோன்ற வட்டக் கீறல்கள் தெரிந்தன. ஏழு வருடம் அந்தத் தொட்டி இருந்தது. தினமும் அந்த நேரத்துக்கு அந்தக் கீறல்களும் தெரிந்தன. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் இதே வேலையைச் செய்யக்கூடியது, மஞ்சள் ஸ்பாஞ்சுப் பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

அக்ரிலிக் தொட்டிக்கும் இதே முறையா?

நீர்த்த வினிகர் சரி. பிளேடு, ஏடிஎம் கார்டு, சொரசொரப்பான துணி எதுவும் கூடாது. மென்மையான பருத்தித் துணியும் பொறுமையும்தான். உங்கள் தொட்டி எது என்று சந்தேகமாக இருந்தால் வெளிப்பக்கம் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். கண்ணாடி கணீரென்று சில்லிட்டு இருக்கும், அக்ரிலிக் பொத்தென்று ஒலிக்கும்.

வினிகர் பட்டால் சிலிக்கான் கெடாதா?

அரை மணி நேரம் படுவதால் கெடாது. தொட்டி ஒட்டும் சிலிக்கானில் பெரும்பாலானவை காயும்போதே வினிகர் வாசனைதான் அடிக்கும். இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் வகை அது. ராத்திரி முழுக்க ஊறவைப்பது மட்டும் வேண்டாம், அதற்குத் தேவையும் இருக்காது.

பழைய தொட்டி ஒன்று வாங்கினேன். முழுக்க வெள்ளை. எப்படிச் சுத்தம் செய்வது?

காலித் தொட்டி என்றால் வேலை சுலபம். படிவு ஏறிய கண்ணாடி தரையைப் பார்க்கிற மாதிரி தொட்டியைப் படுக்க வைத்து, அந்தக் கண்ணாடி மேல் சிட்ரிக் ஆசிட் கரைசலை மெல்லிசாக ஊற்றி, அதன் மேல் பேப்பரைப் பரப்பி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அடுத்த பக்கம். கீழே ஒரு பழைய போர்வையோ யோகா பாயோ கட்டாயம் இருக்கட்டும். சின்னக் கல் ஒன்று விளிம்பில் பட்டால் கண்ணாடி விரிசல் விடும்.

நன்றாக அலசியபின், தண்ணீர் நிரப்பி ஒருநாள் வெளியிலேயே வைத்துக் கசிவு பாருங்கள். இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி நிரம்பினால் உள்ளே சுமார் 56 லிட்டர், அதாவது 56 கிலோ. நிரப்பிய தொட்டியை நகர்த்தவே கூடாது.

இன்னொன்று. கொளத்தூர் மாதிரி வண்ணமீன் கடைகள் நிறைந்த இடங்களில் புதுத் தொட்டியின் விலையையும் ஒருமுறை விசாரித்துவிடுங்கள். படிவு மட்டும் என்றால் பழையதை எடுக்கலாம். கீறலும் மங்கலும் சேர்ந்திருந்தால் எனக்குப் புதியதுதான் நல்லதென்று படுகிறது.

எல்லாம் செய்தும் மங்கலாகவே இருக்கிறதே?

கண்ணாடி ஈரமாக இருக்கும்போது தெளிவாகவும், காய்ந்ததும் மங்கலாகவும் இருந்தால், கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப் போயிருக்கலாம். அது புளிப்புக்குப் போகாது. சீரியம் ஆக்சைடு போட்டுப் பாலிஷ் செய்யும் முறை உண்டு, ஆனால் காலித் தொட்டியில் மணிக்கணக்கில் தேய்க்க வேண்டும். அந்த மங்கல் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள். தொட்டியை நிரப்பியதும் கண்ணுக்குத் தெரியாது.

மூடி, லைட், ஏர் ஸ்டோன், ஃபில்டர் இவற்றில் படிந்ததை?

மூடிக் கண்ணாடியைத் தனியாகக் கழற்றி சிங்கில் வைத்துச் சுத்தம் செய்யுங்கள். இதில் சுண்ணாம்பு ஏறினால் செடிகளுக்கு வெளிச்சம் குறையும். ஏர் ஸ்டோனில் குமிழி குறைந்தால் நீர்த்த வினிகரில் ஒரு மணி நேரம் போட்டு, நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம். மோட்டாருக்குள் சுற்றும் காந்த இறக்கையையும் அப்படியே செய்யலாம், கரகரவென்று சத்தம் வருகிற மோட்டார் பல சமயம் இதிலேயே அமைதியாகிவிடும்.

ஃபில்டர் ஸ்பாஞ்சு மட்டும் வேறு. அதில்தான் மீனின் கழிவை மாற்றும் பாக்டீரியா குடியிருக்கிறது. வினிகரோ குழாய்த் தண்ணீரோ படாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். கண்ணாடி சுத்தம் செய்த அன்றே ஸ்பாஞ்சையும் கழுவ வேண்டாம், ஒரு வாரம் கழித்துச் செய்யுங்கள்.

சுத்தம் செய்த ஒரே மாதத்தில் மறுபடி வந்துவிடுகிறதே?

ஏனென்றால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். ஒரு கணக்குப் பாருங்கள். கோடையில் ஒரு திறந்த தொட்டியில் நாளுக்கு அரை லிட்டர் குறைகிறது, அதை லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள போர் தண்ணீரால் நிரப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15 லிட்டர். அதோடு 6 கிராம் சுண்ணாம்பும் உள்ளே வந்துவிட்டது, வெளியே போக வழியில்லை. தண்ணீர் மாற்றாமல் குறைந்ததை மட்டும் நிரப்பிக்கொண்டே போனால் தண்ணீர் மாதாமாதம் கெட்டியாகும்.

ஆகவே குறைந்ததை நிரப்ப ஆர்ஓ தண்ணீரோ, சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீரோ ஊற்றுங்கள். முதல் மழையை விட்டுவிட்டு, மொட்டை மாடி நன்றாகக் கழுவப்பட்ட பிறகு பிடித்ததாக இருக்கட்டும். வாராந்திர மாற்றத்துக்கு வழக்கமான தண்ணீரே போதும். முழுத் தொட்டியையும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்பிவிடாதீர்கள், தாதுவே இல்லாத தண்ணீரில் பிஎச் நிலையாக நிற்காது.

ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் அந்த எண்ணத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் சுண்ணாம்பு இன்னும் அடர்த்தியாக இருக்கும். பாத்ரூமுக்கும் தரை துடைக்கவும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஏசி தண்ணீரும் வேண்டாம், உள்ளே இருக்கும் செம்புக் குழாயையும் தூசியையும் தொட்டு வருகிறது. செம்பு மீனுக்கும், அதைவிட இறாலுக்கும் நத்தைக்கும் ஆகாது.

ஒரு மூடி போட்டாலே ஆவியாவது நன்றாகக் குறையும். ஏர் ஸ்டோனைக் கண்ணாடியிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் தெறிப்பும் குறையும்.

கைக்கு ஏதாவது பாதுகாப்பு வேண்டுமா?

விரலில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். தொட்டித் தண்ணீரில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா காயத்தின் வழியாக நுழைந்து, மாதக்கணக்கில் ஆறாத கட்டியை உண்டாக்கும். அப்படி ஏதாவது வந்தால் மருத்துவரிடம் மீன் வளர்ப்பதைச் சொல்லுங்கள். வினிகர் காயத்தில் பட்டால் எரியும் என்பது உங்களுக்கே தெரியும்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது, மட்டம் இறங்கியதும் ஈரத் துணியால் அந்தக் கோட்டை ஒரு சுற்றுத் துடைத்துவிடுங்கள். புதிதாகப் படிந்தது வெறும் தண்ணீருக்கே வந்துவிடும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலையில் இதைச் செய்கிறோம். வினிகர் பாட்டிலை எடுப்பது இப்போதெல்லாம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான், அதுவும் ஏர் ஸ்டோன் இருக்கும் அந்த ஒரு மூலைக்கு.